பழைய பெட்டி, புது பேட்டரி: மோரிஸ் மைனருக்கு எப்படி சார்ஜ் போடுவது

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வாப்பா வைத்திருந்த 1956 மோரிஸ் மைனரை ஒழுங்கு பண்ணி ஓட்டுகிறாராம். பானெட்டைத் திறந்தால் அந்தக் காலத்தில் இருந்தது போலவே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கறுப்பு ரப்பர் பெட்டியும் தார் பூசிய மேல்பக்கமும் வெளியே தெரிகிற ஈயப் பட்டைகளுமாக ஒரு ரீப்ரொடக்‌ஷன் பேட்டரியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறார், 12 வோல்ட், 45 ஆம்பியர் மணி. வந்ததும் சார்ஜ் கடையில் கொடுத்து ஒரு ராத்திரி வைத்து வாங்கினார், ஒரு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் வேலைக்காக துபாய் போய் இரண்டரை மாதம் கழித்து வந்து ஸ்டார்ட்டரை இழுத்தால் அரைச் சுற்று முக்கிவிட்டு நின்றுவிட்டது, மீட்டரில் 11.7 வோல்ட். பேட்டரி போய்விட்டதா, எப்படி சார்ஜ் போடுவது, தண்ணீர் ஊற்ற வேண்டுமா, மறுபடி வெளியூர் போகும்போது என்ன செய்துவிட்டுப் போவது என்று கேட்கிறார்.

தம்பி, பேட்டரி போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் வரை எந்த சார்ஜரையும் அதில் மாட்டாதீர்கள். நீங்கள் எழுதியதில் ஆம்பியர் இருக்கிறது, வோல்ட் இருக்கிறது, பெட்டி எவ்வளவு அழகு என்பதும் இருக்கிறது, உள்ளே ஆசிட் ததும்புகிறதா இல்லையா என்பது மட்டும் இல்லை. மற்ற எல்லாமே அதை வைத்துத்தான்.

இந்த மாதிரிப் பேட்டரிகள் இரண்டு விதமாக வருகின்றன. ஒன்று நிஜமாகவே பழைய முறையில் செய்தது: ஆறு செல், ஆறு மூடி, மூடியைத் திருகித் திறந்தால் உள்ளே பிளேட்டும் அதன் மேல் ஆசிட்டும் தெரியும். பெரும்பாலும் ஆசிட் இல்லாமல் காய்ந்த நிலையில் அனுப்புவார்கள், நாம்தான் இங்கே ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டு, முதல் சார்ஜ் போட வேண்டும். இன்னொன்று வெளிப்பெட்டி மட்டும்தான் பழசு. உள்ளே இந்தக் காலத்து சீல் பண்ணிய ஏஜிஎம் பேட்டரியை வைத்து, மேலே தார் மாதிரி ஒன்றை ஊற்றி, மூடிகளையும் ஈயப் பட்டைகளையும் பார்வைக்காக ஒட்டியிருப்பார்கள். ஏஜிஎம் என்றால் பிளேட்டுகளுக்கு நடுவே கண்ணாடி நார்ப் பாய் இருக்கும், ஆசிட் முழுவதும் அதில் ஊறியிருக்கும், தனியாகத் ததும்பாது. வெளியே நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அப்படித் தெரியக் கூடாது என்றுதான் செய்கிறார்கள்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஆறு மூடியையும் கையால் மெதுவாகத் திருகிப் பாருங்கள். ஆறும் திறந்தால் ஆசிட் பேட்டரி. ஒன்றுகூட அசையவில்லை என்றால் நெம்பாதீர்கள், ஸ்க்ரூடிரைவர் போட்டுக் கிளப்பவே கிளப்பாதீர்கள், அது பெரும்பாலும் ஏஜிஎம்தான். உங்களிடம் ஆசிட் ஊற்றச் சொன்னார்களா, கேனில் ஆசிட் வாங்கினீர்களா என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். முன்பு கடையில் நிறைய சார்ஜ் போட்டு வாங்கி ஒரு நாள் சும்மா வைத்தபோது 12.8க்கு மேல் நின்றிருந்தால் அதுவும் ஏஜிஎம்முக்கு அடையாளம். இன்னும் சந்தேகம் என்றால் விற்றவருக்கே எழுதிக் கேளுங்கள், எத்தனை வோல்ட் வரை சார்ஜ் போடலாம் என்ற எண்ணையும் அப்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள்.

இதில் நான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல காரணம் உண்டு. நான் உச்சிப்புளியில் இருக்கிறேன், என்னிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கிறது. அதற்கும் இப்படி ஒரு பழைய பெட்டிப் பேட்டரி வாங்கி, நான் வெளியூரில் இருந்ததால் பையனிடம் சொல்லி சார்ஜ் கடைக்கு அனுப்பினேன். நம் கடற்கரைப் பக்கம் சார்ஜ் கடைக்கு வருவதில் பாதி போட் பேட்டரிதானே, லைட்டுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் மீன் பார்க்கிற எக்கோ சவுண்டருக்கும் எடுத்துப் போகிற 100, 150 ஆம்பியர் மணிப் பேட்டரிகள். அங்கே ஒவ்வொன்றுக்கும் தனி சார்ஜர் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேட்டரிகளை வரிசையாக ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்த்து ஒரே கரண்டை எல்லாவற்றிலும் ஓட விடுவார்கள். போட் பேட்டரிக்குப் பத்து ஆம்பியர் பொருத்தம், அந்தக் கரண்ட் அப்படியே என் 45 ஆம்பியர் மணிப் பேட்டரியிலும் ஓடியது. அது ஐந்து மணி நேரத்திலேயே நிறைந்திருக்கும், அதன் பிறகும் விடிய விடிய. கடைக்காரர் மேல் குற்றமே இல்லை, பெட்டியைப் பார்த்து ஆசிட் பேட்டரி என்று நினைத்தார், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். காலையில் பெட்டியின் பக்கவாட்டு லேசாக உப்பியிருந்தது. ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.

அப்படி என்னதான் நடந்தது என்றால், ஈய ஆசிட் பேட்டரியில் ஒரு செல்லுக்கு 2.4 வோல்ட், அதாவது மொத்தம் 14.4 வோல்ட் பக்கம் போனதும் கரண்ட் சார்ஜாக ஏறுவது குறைந்து தண்ணீரைப் பிரிக்க ஆரம்பித்துவிடும், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வரும். மூடி உள்ள பேட்டரியில் அது குமிழியாக வெளியே போய்விடும், குறைந்த தண்ணீரை நாம் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். ஏஜிஎம்மில் அந்த வாயு உள்ளேயே மறுபடி தண்ணீராகச் சேர்ந்துவிடுகிற ஏற்பாடு இருக்கிறது, ஆனால் மெதுவாக வந்தால்தான் சேரும். வேகமாக வந்தால் வால்வு திறந்து வெளியே விட்டுவிடும், அப்படிப் போன தண்ணீரைத் திரும்பக் கொடுக்க வழியே கிடையாது. கண்ணாடி நார்ப் பாய் காய்ந்துவிட்டால் அந்தப் பேட்டரி அவ்வளவுதான்.

நம் ஊர் வெயில் இதை இன்னும் நெருக்குகிறது. சார்ஜரிலும் பேட்டரியிலும் எழுதியிருக்கும் வோல்ட் கணக்கு 25 டிகிரிக்கு. சூடு ஏற ஏற அதே வோல்டுக்கு அதிக கரண்ட் ஏறும் என்பதால், ஒவ்வொரு டிகிரிக்கும் 12 வோல்ட் பேட்டரியில் சுமார் 0.02 வோல்ட் குறைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் ஷெட்டுக்குள் 35 டிகிரி சாதாரணம், அப்போது 14.4 என்பது 14.2 ஆக வேண்டும். 0.2 வோல்ட்தானே என்று தோன்றும், மாதக்கணக்கில் மாட்டி வைக்கிற சார்ஜரில் அது பெரிய வித்தியாசம்.

சரி, உங்கள் 11.7க்கு வருவோம். இதே எண் உள்ளே இருப்பதைப் பொறுத்து வேறு வேறு கதை சொல்லும். ஆசிட் பேட்டரியாக இருந்தால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். பழைய முறையில் செய்யும் பிளேட்டில் ஆன்டிமனி கலந்திருக்கும், நம் சூட்டில் அது சும்மா இருக்கும்போதே ஒரு நாளைக்கு ஒரு சதவீதம் வரை சார்ஜை இழக்கும். எழுபத்தைந்து நாள் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், இயல்பாக இறங்கியதுதான். ஆனால் ஏஜிஎம்மாக இருந்தால் இது இயல்பு இல்லை. அது மாதத்துக்கு இரண்டு மூன்று சதவீதம்தான் இழக்கும், பத்து டிகிரி கூடினால் இரண்டு மடங்காகும் என்று வைத்தாலும் இரண்டரை மாதத்தில் பதினைந்து சதவீதம், 12.6 பக்கம் நின்றிருக்க வேண்டும். 11.7 காட்டுகிறது என்றால் காரில் எங்கேயோ கரண்ட் கசிகிறது, அல்லது டைனமோ அந்த ஒரு மாதமும் சரியாக சார்ஜ் ஏற்றவில்லை, அல்லது அந்த ஒரு ராத்திரியிலேயே கடையில் அடி வாங்கிவிட்டது. இந்த மூன்றில் எது என்று பார்க்காமல் சார்ஜ் மட்டும் போட்டால் அடுத்த பயணம் முடிந்து வரும்போதும் இதே கதைதான்.

கசிவைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் கேபிளைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துப் பிடியுங்கள், முதலில் பத்து ஆம்பியர் அளவில் வைத்து, அப்புறம் மில்லி ஆம்பியருக்கு இறக்குங்கள். இக்னிஷனை அணைத்துவிட்டால் மோரிஸ் மைனரில் கரண்ட் கேட்கிற பொருள் எதுவுமே கிடையாது, சுத்தமாகப் பூஜ்யம் காட்ட வேண்டும். வெறும் 20 மில்லி ஆம்பியர் கசிந்தாலே எழுபத்தைந்து நாளில் 36 ஆம்பியர் மணி போய்விடும், உங்கள் பேட்டரியில் முக்கால்வாசிக்கு மேல். எங்கே கசியும் என்றால், புதிதாகப் போட்ட மொபைல் சார்ஜர் சாக்கெட், ஸ்டீரியோ, அலாரம் இவைதான் முதல் சந்தேகம். அடுத்தது கட்அவுட் பெட்டி, அதாவது டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்துகிற பெட்டி. அதன் டெர்மினல்களுக்கு நடுவே உப்புக் காற்றின் ஈரம் படிந்து, ஒரு வெள்ளைப் பூச்சு மாதிரி இருக்கும், கச்சான் காற்று வீசுகிற ஆனி ஆடியில் கடலோரத்தில் நிற்கும் எந்த வண்டியிலும் இதைப் பார்க்கலாம்.

காருக்கு வெளியே, பேட்டரியின் மேலேயே கசிகிற இடமும் ஒன்று இருக்கிறது. வோல்ட் மீட்டரின் ஒரு முனையை மைனஸ் டெர்மினலில் வைத்து இன்னொரு முனையைத் தார் பரப்பில் அங்கங்கே தொட்டுப் பாருங்கள், அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏதாவது காட்டினால் அந்த அழுக்கு வழியாகக் கரண்ட் ஓடுகிறது. ஈயப் பட்டைகள் வெளியே தெரிகிற பேட்டரிகளுக்கு இது கூடவே பிறந்த தொல்லை. சமையல் சோடாவை நல்ல தண்ணீரில் கரைத்துத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், மூடிக்குள் ஒரு சொட்டுகூட இறங்கக் கூடாது, அப்புறம் வெறும் தண்ணீரில் துடைத்துக் காயவிட வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதையும் தார்ப் பரப்பில் படவிடாதீர்கள், கரைந்து வழிந்துவிடும். மேலே ஸ்பேனரை வைக்கிற பழக்கமும் வேண்டாம், அந்தப் பட்டைகள் இரண்டைத் தொட்டால் நேர் ஷார்ட்.

இப்போது சார்ஜ். உங்கள் பேட்டரி இருக்கும் நிலையில் பெரும்பகுதி காலி, அதனால் அவசரம் கூடாது. பேட்டரியைக் காரிலிருந்து இறக்கி, காற்றோட்டமான இடத்தில், ஒரு பலகை மேல் வையுங்கள். சிமெண்டுத் தரை சார்ஜைக் குடித்துவிடும் என்பது மரப்பெட்டிப் பேட்டரி இருந்த காலத்துப் பேச்சு, இப்போது உண்மை இல்லை, ஆனால் நம் பக்கத்துத் தரை உப்புப் பூத்து ஈரமாகவே இருக்கும் என்பதால் பலகை நல்லது. தூக்கும்போது இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள், கைப்பிடியை நம்பாதீர்கள், ரப்பர் பெட்டிக்கு முறுக்கும் இழுப்பும் ஆகாது.

சார்ஜர் வோல்ட்டைத் தானே கட்டுப்படுத்துகிற வகையாக இருக்க வேண்டும், ஏஜிஎம் என்று தனியாக ஒரு நிலை இருந்தால் இன்னும் நல்லது. நான்கு ஆம்பியர் போதும், அதாவது ஆம்பியர் மணியில் பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கீழே. கணக்கு இப்படி: 45இல் 35 ஆம்பியர் மணி காலி என்று வைத்துக்கொண்டால், வீணாவதையும் சேர்த்து நாற்பது ஏற்ற வேண்டும். நான்கு ஆம்பியரில் முதல் எட்டு ஒன்பது மணி நேரம் சீராக ஏறும், 14.4ஐத் தொட்டதும் கரண்ட் தானாகக் குறைய ஆரம்பிக்கும், கடைசிப் பகுதி இன்னும் நான்கைந்து மணி நேரம் இழுக்கும். நிறையப் பேர் கரண்ட் குறைந்ததும் ஏறிவிட்டது என்று கழற்றிவிடுகிறார்கள், அந்தக் கடைசிப் பகுதிதான் பிளேட்டில் படிந்த சல்பேட்டைக் கரைக்கிற நேரம். 14.4இல் நிற்கும்போது கரண்ட் அரை ஆம்பியருக்குக் கீழே இறங்கினால்தான் நிறைந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் நன்றாக உழைக்கிற பொருள்தான், ஆனால் அதற்கு நிறுத்தத் தெரியாது, பேட்டரி நிறைந்த பிறகு 16 வோல்ட் வரைகூட ஏற்றும். ஆசிட் பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு போடலாம், ஏஜிஎம்முக்கு வேண்டவே வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டி வைக்கிற பழக்கமும் நம் பக்கம் இருக்கிறது, கரண்ட் போனால் லைட்டும் எரியும் பேட்டரியும் சார்ஜில் இருக்கும் என்று. இன்வெர்ட்டர் 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரிக்காகப் பத்துப் பதினைந்து ஆம்பியர் தள்ளுகிறது, கரண்ட் போகும்போதெல்லாம் ஆழமாகக் காலி பண்ணுகிறது. ஸ்டார்ட்டருக்காகச் செய்த மெல்லிய பிளேட்டுக்கு இரண்டுமே எமன்.

உங்கள் வண்டிக்கென்று ஒரு விஷயம், இதைத் தவறவிட்டவர்கள் அதிகம். 1956 மைனர் பாசிட்டிவ் எர்த், பாடியில் மாட்டியிருப்பது பிளஸ் முனை. இந்தக் காலத்து மெக்கானிக் பாடி என்றால் மைனஸ் என்று கை பழக்கத்தில் மாட்டிவிடுவார். சார்ஜரின் சிவப்பு கிளிப் எப்போதும் பேட்டரியின் பிளஸ் முனைக்குத்தான், கார் எந்த எர்த் என்பது சார்ஜருக்குத் தேவையில்லை. எது பிளஸ் என்று சந்தேகம் வந்தால், இரண்டில் தடித்த முனைதான் பிளஸ். கழற்றும்போது எர்த் கேபிள் முதலில், மாட்டும்போது அது கடைசியில், உங்கள் வண்டியில் அது பிளஸ். மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் கிளிப்பைத் தொட வேண்டும், காற்றில் நாலு சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே ஒரு பொறி போதும். பக்கத்தில் ஊதுபத்தி, சிகரெட் எதுவும் வேண்டாம், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்றீர்கள். ஏஜிஎம் என்றால் ஒரு சொட்டு கூடாது. ஆசிட் பேட்டரி என்றால் பிளேட்டுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் அளவு இருக்கும்படி, சார்ஜ் போட்டு முடித்த பிறகு ஊற்றுங்கள், சார்ஜுக்கு முன்னால் நிறைத்தால் பொங்கி வழியும். பிளேட் வெளியே தெரிகிற அளவு காய்ந்திருந்தால் மட்டும் முதலில் அது மூழ்கும் வரை கொஞ்சம். எந்தத் தண்ணீர் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கீழக்கரைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், வாயில் வைத்தாலே தெரியும். அந்த உப்பில் இருக்கும் குளோரைடு ஈயப் பிளேட்டை அரிக்கும். கேனில் வருகிற குடிதண்ணீரிலும் உப்பு இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் டிஸ்டில்ட் வாட்டர் மாதிரிதானே என்று பலர் ஊற்றுகிறார்கள், அது காயிலின் செம்பையும் அலுமினியத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர், செம்பும் இரும்பும் கொஞ்சம் கலந்தாலே பேட்டரி சும்மா இருக்கும்போது தானாக இறங்கும். மழைத் தண்ணீர் உள்நாட்டில் பரவாயில்லை, கடலோரத்தில் பெய்கிற மழையிலேயே உப்பு இருக்கிறது. பேட்டரி தண்ணீர் என்று சீல் பண்ணிய பாட்டிலில் விற்கிறதே, விலை கொஞ்சம்தான், அதை வாங்குங்கள். ஆசிட்டை மட்டும் பிறகு எப்போதும் சேர்க்காதீர்கள், குறைவது தண்ணீர்தான்.

ஆசிட் எவ்வளவு அடர்த்தி என்று காட்டுகிற ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. குளிர் நாட்டுக்காரர்கள் நிறைந்த பேட்டரிக்கு 1.270, 1.280 என்று எழுதுவார்கள். வெப்ப நாட்டில் ஆசிட் அவ்வளவு காரமாக இருந்தால் பிளேட்டும் அவற்றுக்கு நடுவே இருக்கும் செபரேட்டர் தடுப்பும் சீக்கிரம் கெடும் என்பதால் இங்கே 1.240 அளவில் ஊற்றுகிற வழக்கம் உண்டு. அப்படி ஊற்றிய பேட்டரி முழுக்க நிறைந்தாலும் 12.5 வோல்ட் பக்கம்தான் நிற்கும், ஏனென்றால் ஆசிட்டின் எண்ணோடு 0.84ஐக் கூட்டினால் ஒரு செல்லின் வோல்ட் வந்துவிடும், 1.240க்கு 2.08, ஆறு செல்லுக்கு 12.48. அது தெரியாமல் வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்து இன்னும் ஏறவில்லை, இன்னும் ஏறவில்லை என்று சார்ஜ் போட்டே கொதிக்க வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்த்து எண் மாறவே இல்லை, ஆறு செல்லிலும் குமிழி ஒரே மாதிரி வருகிறது என்றால் அது நிறைந்துவிட்டது. ஆறில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாக நின்றால் அந்தச் செல்லில் கோளாறு.

அடுத்து டைனமோ. உங்கள் வண்டியில் லூகாஸ் டைனமோவும், ரெகுலேட்டரும் கட்அவுட்டும் சேர்ந்த ஆர்பி 106 பெட்டியும் இருக்கும். அதை வடிவமைத்த காலத்தில் ஏஜிஎம் என்ற ஒன்றே கிடையாது, பேட்டரி கொஞ்சம் கொதித்தால் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள் என்ற கணக்கில் செய்தது. அதனால் நல்ல சார்ஜ் உள்ள பேட்டரியோடு, லைட் எதுவும் போடாமல், பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக வைத்துக்கொண்டு பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். 13.8 முதல் 14.4க்குள் இருந்தால் எந்தப் பேட்டரிக்கும் நல்லது. 14.8ஐத் தாண்டினால் ஏஜிஎம்மோடு அந்த வண்டியை நெடுந்தூரம் எடுக்காதீர்கள், பழைய வண்டி எலெக்ட்ரிக் வேலை தெரிந்த ஒருவரை வைத்து ரெகுலேட்டரை இறக்கச் சொல்லுங்கள். அதில் இருக்கும் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புவதே பெரிய மாற்றம், பார்க்காமல் திருப்பக் கூடாது. 13.2, 13.3 என்றே நின்றால் உங்கள் பேட்டரி அந்த ஒரு மாதமும் அரை வயிற்றோடுதான் ஓடியிருக்கிறது.

டைனமோவுக்கு இந்தக் காலத்துக் காரில் வருகிற ஆல்டர்னேட்டர் மாதிரி ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது, சார்ஜ் வராது, சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதன் முழு வலு 19 ஆம்பியர்தான், அதுவும் வேகமாக ஓடும்போது. ராத்திரியில் ஹெட்லைட், பின் விளக்கு எல்லாம் சேர்ந்து எட்டு ஒன்பது ஆம்பியர் தின்றுவிடும். கடைத்தெருவுக்கும் ஜெட்டிக்கும் போய் வருவது பேட்டரிக்கு ஓட்டமே இல்லை. பகலில் ராமநாதபுரம் வரை போய் வந்தால் முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது, அது நல்ல ஓட்டம், பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் வரை போனால் இன்னும் நல்லது. ஆனால் 11.7இல் இருக்கிற பேட்டரியை ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ணி ஓட்டியே நிறைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அவ்வளவு காலியான பேட்டரி டைனமோவை முழு வலுவில் மணிக்கணக்கில் இழுக்கும், அதற்குள் சுற்றுகிற எழுபது வருடத்து ஆர்மேச்சர் சுருள் சூடாகிவிடும்.

ஸ்டார்ட் பண்ணுவதே பேட்டரியைத் தின்கிறது என்று ஒரு எண்ணம் இருக்கிறது, அது சரியில்லை. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுத்தாலும் மூன்று வினாடிக்கு 0.13 ஆம்பியர் மணிகூட வராது, சில நிமிட ஓட்டத்தில் திரும்பிவிடும். கெடுப்பது அரைச் சார்ஜில் சும்மா நிற்பதுதான். 12.4க்குக் கீழே வாரக்கணக்கில் நின்றால் பிளேட்டில் படிகிற ஈய சல்பேட் கெட்டியான படிகமாகிவிடும், அது மறுபடி எளிதில் கரையாது.

அதனால் வெளியூர் போகும்போது செய்ய வேண்டியது இது. போவதற்கு முந்தின நாள் முழுக்க சார்ஜ் போட்டு, எர்த் கேபிளைக் கழற்றி, முனைகளைத் துடைத்து வேசலின் தடவி விடுங்கள். மைனருக்கு வருவது தொப்பி மாதிரி கவிழ்கிற டெர்மினல், நடுவில் ஒரு ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ ஈயத்தில் இறங்குகிறது, பலமாக முறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் ஸ்டார்ட்டர் இழுக்கும்போது அங்கேதான் சூடாகும். ஏஜிஎம் என்றால் மூன்று மாதம் வரை இப்படியே விட்டுப் போகலாம். ஆசிட் பேட்டரி என்றால் மாதம் ஒரு தடவை யாராவது சார்ஜ் போட வேண்டும், வீட்டில் பொறுப்பான ஆள் இருந்தால் அதுதான் எனக்குப் பிடித்த வழி.

நிறைந்த பேட்டரியை அப்படியே இறங்காமல் வைத்திருக்கிற சின்ன மெயின்டெய்னர் சார்ஜரை மாட்டிவிட்டுப் போகிறீர்கள் என்றால், அது 13.5 வோல்டில் நிற்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள், நம் சூட்டுக்கு 13.3 இருந்தாலும் போதும். இன்னொன்றையும் பாருங்கள்: பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மறுபடி செருகினால் அது தானாக வேலையைத் தொடர்கிறதா, அல்லது பட்டனை அமுக்கினால்தான் தொடர்கிறதா? நம் ஊரில் ஒரு நாளில் எத்தனை தடவை கரண்ட் போய் வரும் என்று தெரியும். பட்டன் கேட்கிற சார்ஜர் முதல் நாளே நின்றுவிடும், சிலது உள்ளே இருக்கிற சர்க்யூட்டுக்காகப் பேட்டரியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவும் செய்யும். ஐப்பசி கார்த்திகை இடி மழைக்காலத்தில் ஆள் இல்லாத வீட்டில் பிளக்கில் எதையும் விட்டுப் போக எனக்கு மனம் வராது. அந்த மாதங்களில் பத்து வாட் சோலார் பலகையும் அதற்கு ஒரு கட்டுப்பாட்டுக் கருவியும் போதும், கருவி இல்லாமல் பலகையை நேரடியாக மாட்டக் கூடாது, வெயில் ஏறினால் 18 வோல்ட் வரை தள்ளும்.

கடைசியாக, இந்தப் பேட்டரி தேறுமா, விற்றவருக்குத் திருப்பி அனுப்புவதா என்பது. சொன்னபடி முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு, எதிலும் மாட்டாமல் ஒரு நாள் வையுங்கள். 10.5 பக்கம் நின்றால் ஒரு செல் செத்துவிட்டது, அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. நல்ல வோல்ட் காட்டினால் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றைப் பேட்டரியில் மாட்டிப் பத்து மணி நேரம் எரிய விடுங்கள், அது சுமார் 17 ஆம்பியர் மணியை எடுக்கும், நாற்பது சதவீதம். அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 12.2க்கு மேல் இருந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது, உடனே திரும்ப சார்ஜ் போட்டு வண்டியில் ஏற்றுங்கள், ஸ்டார்ட்டரை இழுக்கும்போது 9.6க்குக் கீழே போகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பத்து மணி நேரம் ஆவதற்குள்ளேயே பல்ப் மங்கி 11க்குக் கீழே இறங்கினால் பாதி கொள்ளளவுகூட இல்லை. அப்போது எத்தனை மணிக்கு எத்தனை வோல்ட் என்று ஒரு தாளில் எழுதி, மீட்டரோடு போட்டோ எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். கடையில் என்ன கரண்டில், எத்தனை மணி நேரம் வைத்தார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள், அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.